கார்பெட் மாற்றும் முன் கீழே கொஞ்சம் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் போன் பண்ணினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், ஃபுல் கார்பெட் எவ்வளவு ஆகும்?" நான் விலை சொல்வதில்லை. வண்டியைக் கொண்டுவாருங்கள், இருக்கிறதைக் கழற்றுவோம், அப்புறம் பேசுவோம் என்பேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். வேறு கடையில் பழசின் மேலேயே புதுசை ஒட்டி மறுநாளே வண்டியைக் கொடுத்திருப்பார்கள், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் குஷன் வேலை செய்கிறேன், அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தொட்டது நிறைய. அந்த "பார்க்க நன்றாக இருக்கும்" கார்பெட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சமீபத்தில் ஒரு பத்மினி வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வண்டி, அவர் அப்பா வாங்கியதாம். மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம், பெண்ணை அந்த வண்டியில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. சிவப்பு கார்பெட் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே ஒரு கார்பெட், அதற்குக் கீழே ரெக்சின் மாதிரி லேமினேஷன் ஷீட், அதற்குக் கீழே ஸ்பாஞ்ச், அதற்கும் கீழே தார் ஷீட், எல்லாவற்றுக்கும் அடியில் டீத்தூள் மாதிரி உதிர்கிற ஒரிஜினல் சணல் ஃபெல்ட். ஒன்றை உரித்தால் இன்னொன்று, வெங்காயம்தான். நடுவில் இரண்டு 25 பைசாக் காசு கிடைத்தது. அது செல்லாமல் போனதே 2011-இல், அப்படியென்றால் அந்த அடுக்கை யாரும் எத்தனை வருடமாகத் தூக்கவில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஈரச் சாக்கு மக்கினால் ஒரு நாற்றம் வருமே, அது கடை முழுக்க. டிரைவர் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், அப்பளத்தில் விரல் போவது மாதிரி உள்ளே போய்விட்டது. அவரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றேன். என் கடைத் தரை தெரிந்தது.

"மேலே போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். கல்யாண அவசரம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியாகச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது, தரைத் தகடும் அந்தத் தாங்கலில் ஒரு பங்கு. சீட் போல்ட் அதில்தான் நிற்கிறது. ஹெரால்டு வேறு மாதிரி. நம்ம பெருங்களத்தூரில் தயாரான அந்த வண்டிக்குச் சேஸிஸ் தனி, மேலே பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதிலும் தரை அரித்தால் சீட் ஆடத்தான் செய்யும். இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதே இல்லை. சைலன்சர் குழாய் அந்தத் தரைக்குக் கீழேதான் போகிறது. குழாயில் ஒரு விரிசல், தரையில் ஒரு ஓட்டை, ஏசிக்காகக் கண்ணாடி எல்லாம் மூடல் என்று மூன்றும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கார்பெட் அதைத் தடுக்காது.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் மழைவெள்ளம் என்பார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் நிறைய, அது உண்மைதான். சீட் ரெயில் போல்ட்டின் மறையில் காய்ந்த சேறு இருந்தால் அந்த வண்டி நீந்தியிருக்கிறது என்று அர்த்தம், பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் என்னிடம் வருகிற பெரும்பாலான வண்டிகளில் தண்ணீர் மேலிருந்துதான் வந்திருக்கும். முன் கண்ணாடி ரப்பர் வெயிலில் கல்லாகி வெடித்திருக்கும். வேப்பமர நிழலில் நிறுத்துகிற வண்டி என்றால் கண்ணாடிக்குக் கீழே காற்று போகிற இடுக்கில் சருகும் பூவும் அடைத்து, வடிய வேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கிற ஓட்டைகளை யாரோ ஒரு டிங்கர் பட்டி வைத்துப் பூசியிருப்பார். வண்டி வாங்கிப் பிற்பாடு பொருத்திய ஏசியின் டிரெயின் ட்யூப் கழன்று இடதுபக்கக் கார்பெட்டில் சொட்டிக்கொண்டே இருந்த வண்டிகூடப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் "வண்டிக்குள்ளே எலி செத்திருக்கு" என்று தேடியிருக்கிறார்கள்.

வெறும் தகடு நனைந்தால் நம்ம ஊர் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஸ்பாஞ்ச் நனைந்தால் காய்வதற்கு வழியே இல்லை, மேலே லேமினேஷன் மூடியிருக்கிறதே. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஸ்பாஞ்ச் வைத்த லேமினேஷனைப் பழைய வண்டிக்கு நான் போடுவதே இல்லை, கேட்டால் சண்டைகூடப் போடுவேன்.

எனக்கும் அடிபட்ட கதை உண்டு. தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு அம்பாசடருக்குத் தரையெல்லாம் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, அழகாகக் கார்பெட் போட்டுக் கொடுத்தேன். ஐப்பசி மழை ஆரம்பித்த முதல் வாரமே வண்டி திரும்பி வந்தது, உள்ளே குளம். கண்ணாடி ரப்பரை நான் பார்க்கவே இல்லை. என் காசில் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து, தரை வெறுமையாக இருக்கும்போதே பையனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியே இருந்து ஹோஸில் இருபது நிமிடம் தண்ணீர் அடிப்பேன். எங்கே கசிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். வட்டமே இல்லாத நாளில்தான் கார்பெட் வெட்டுவது.

தகடு ஓட்டை என்றால் அரித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் அல்லது 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங். எபாக்சி வைத்து அடைப்பது, மேலே தகரம் வைத்து ரிவெட் அடிப்பது எல்லாம் ஓட்டையை மறைக்கிற வேலை. வெல்டிங்குக்கு முன்னால் ஃபெல்ட், சீட் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒரு துண்டு ஃபெல்ட் மூலையில் இருந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு பற்றும். அப்புறம் துருத்தடுப்புப் பிரைமர், பெயின்ட், இரண்டு மூன்று நாள் வெயில். தரையில் இருக்கிற ரப்பர் மூடிகளை ஒட்டி அடைக்காதீர்கள், சிலவற்றுக்கு அடியில் வேலை இருக்கும். மோரிஸ் மைனரில் பிரேக் ஆயில் ஊற்றுகிற இடமே டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே.

கார்பெட் வெட்டுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பழசு எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் அளவு. துணியின் மயிர் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ரோலில் வெட்டியும் இரண்டு நிறமாகத் தெரியும். தரையின் நடுவில் மேடாக இருக்கிற பகுதியை முதலில் மூடிவிட்டு அப்புறம் இரண்டு பக்கமும் வர வேண்டும். போல்ட் ஓட்டைக்கு டிரில் போடவே போடாதீர்கள், பிட்டில் ஒரு நூல் சிக்கினால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் உருவிக்கொண்டு வரும். நைலான் கார்பெட் என்றால் சூடான சால்டரிங் அயர்னால் குத்தினால் ஓரம் உருகி நூல் பிரியாது. பசைக்கு ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி ரப்பர் பசை, இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபிறகு சேர்ப்பது. எளிதில் தீப்பிடிக்கும், கதவு நாலும் திறந்திருக்கட்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக ஆக்சிலரேட்டர். கார்பெட், அதற்கு மேல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய ரப்பர் மேட், அதற்கும் மேல் வீட்டில் கிடந்த கால்மிதி என்று அடுக்கிவிடுகிறார்கள். பெடல் முழுசாகக் கீழே போகாது, அதுகூடப் பரவாயில்லை. போனது திரும்பி வராமல் மேட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால்? வேலை முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவைத்து மூன்று பெடலையும் கையால் அழுத்தி அழுத்தி விட்டுப் பாருங்கள், எங்கேயும் உரசக்கூடாது. டிரைவர் பக்கத் துண்டின் ஓரத்தில் எதுவும் நிமிர்ந்து நிற்கக்கூடாது.

அந்தப் பத்மினி கல்யாணத்துக்குப் போகவில்லை. பெண்ணை வாடகைக் காரில் அழைத்துப் போனார்கள், அந்த வருத்தம் அவருக்கு நிறைய நாள் இருந்தது. சித்திரை வெயிலில் தரையை முடித்து, அவர் கேட்ட அதே சிவப்பில் போட்டுக் கொடுத்தேன். முன்பக்கம் இரண்டு துண்டையும் ஒட்டவில்லை, பிரஸ் பட்டன் வைத்தேன். மழை பெய்த மறுநாள் காலையில் கார்பெட்டைத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுகிறார், "காஞ்சுதான் இருக்குப்பா."