சுமை ஏறும்போது காணாமல் போகும் மின்னழுத்தம்

ராஸ்பெரி பை கணினிப் பலகையைப் பயன்படுத்துபவர்களில் பலர், திரையின் மூலையில் திடீரென்று தோன்றி மறையும் ஒரு மஞ்சள் மின்னல் குறியைப் பார்த்திருப்பார்கள். பலகைக்கு வந்து சேரும் 5 வோல்ட் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அடாப்டரின் மேல் 5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. கழற்றி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தாலும் 5 வோல்ட்டே காட்டுகிறது. ஆகவே பலகைதான் பழுது என்று முடிவுகட்டி, நல்ல பலகையையே மாற்றிவிடுபவர்கள் உண்டு.

இந்தத் தவறு, அளந்த நேரத்தில் தொடங்குகிறது. ஒரு கம்பியிலோ இணைப்பிலோ இழக்கப்படும் மின்னழுத்தம், அதன் மின்தடையையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. மின்னோட்டம் ஓடாதபோது இழப்பும் இல்லை. சுமை இல்லாமல், அதாவது மின்சாரம் வாங்கும் சுற்று எதையும் இணைக்காமல் அளந்த 5 வோல்ட், அடாப்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. சுற்று முழு வேலையில் இருக்கும்போது, அது மின்சாரத்தை வாங்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். ராஸ்பெரி பையின் 40 முள் வரிசையில் 2 அல்லது 4-ஆம் முள்ளுக்கும் 6-ஆம் முள்ளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், பலகைக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். மலிவான யூஎஸ்பி கேபிள்களில் 28 கேஜ் அளவுள்ள மெல்லிய செம்புக் கம்பியே இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்னோட்டம் போவதற்கு ஒரு கம்பி, திரும்பி வருவதற்கு ஒரு கம்பி என்பதால், ஒரு மீட்டர் கேபிளில் மொத்தத் தடை 0.42 ஓமைத் தாண்டுகிறது. பலகை 1.5 ஆம்பியர் இழுத்தால் கேபிள் மட்டுமே 0.64 வோல்ட்டை விழுங்கிவிடும். புறப்பட்ட 5 வோல்ட் 4.36 ஆகத்தான் வந்து சேரும். அதே நீளத்துக்கு அதைவிடத் தடிமனான 20 கேஜ் கம்பி இருந்தால் இழப்பு 0.1 வோல்ட் மட்டுமே. ராஸ்பெரி பையின் அதிகாரபூர்வ அடாப்டர்கள் 5.1 வோல்ட் தருவதும், அவற்றின் கேபிள் கழற்ற முடியாதபடி அடாப்டரோடு சேர்ந்தே வருவதும் இந்தக் கணக்குக்குப் பொருத்தமான ஏற்பாடுகள் என்றே சொல்ல வேண்டும்.

இதில் நிலைமையை மோசமாக்கும் ஒரு நுட்பம் உண்டு. பலகைக்குள் இருக்கும் பக் கன்வர்ட்டர்கள், 5 வோல்ட்டைச் செயலிக்கும் நினைவகத்துக்கும் வேண்டிய சிறிய மின்னழுத்தங்களாக மாற்றுகின்றன. செயலிக்குத் தேவையான திறன் மாறாதவரை, உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தால் கன்வர்ட்டர் அதை ஈடுகட்டக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 7.5 வாட் வாங்கும் சுற்று 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுத்தால், 4.5 வோல்ட்டில் ஏறத்தாழ 1.67 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் கூடியதால் கேபிளில் இழப்பும் கூடுகிறது. அதனால் மின்னழுத்தம் இன்னும் இறங்குகிறது. கேபிளில் ஏற்கெனவே அதிகத் தடை இருக்கும்போது, சிறிதளவு கூடுதல் வேலையே பலகையைச் சாய்த்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, பாதையைத் துண்டு துண்டாக அளப்பதே நம்பத்தக்க வழி. மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு முனைக்கோல்களை வையுங்கள். அடாப்டரின் நேர்முனையிலிருந்து பலகையின் நேர்முனை வரை 240 மில்லிவோல்ட் காட்டினால், அவ்வளவும் அந்தத் துண்டில் இழந்தது. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எதிர்முனைப் பக்கத்தையும், அதாவது கிரவுண்டு கம்பியையும், அதேபோல் அளக்க வேண்டும். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு இழப்பு இருக்கும், இணைப்பு துருப்பிடித்திருந்தால் கூடுதலாகவே இருக்கும். இணைப்பிகள், சுவிட்சுகள், சரியாக உருகாத சால்டர் இணைப்புகள் ஆகியவற்றையும் இதே முறையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். ராஸ்பெரி பை 3 போன்ற பலகைகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள, தானாக மீளும் ஃபியூஸான பாலிஃபியூஸையும் மறக்கக் கூடாது: ஒருமுறை அதிக மின்னோட்டத்தால் சூடாகித் துண்டித்துக்கொண்ட பிறகு, அதன் தடை பழைய அளவுக்கு உடனே திரும்புவதில்லை.

கேபிள் சரியாக இருந்தும் சுற்று தடுமாறினால், உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தித் தரும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். ஈஎஸ்பி32 வைஃபை பலகையை லித்தியம் அயன் மின்கலத்தில் ஓட்ட முயல்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. அந்தப் பலகைகள் பலவற்றில் ஏஎம்எஸ்1117 என்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்ய, உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 4.4 வோல்ட் தேவை. முழுதாகச் சார்ஜ் ஏறிய மின்கலம் தருவதோ 4.2 வோல்ட். மின்கலம் 3.7 வோல்ட்டுக்கு வரும்போது ரெகுலேட்டரிலிருந்து 2.6 வோல்ட் அளவில்தான் கிடைக்கும்; ஈஎஸ்பி32 மாட்யூலுக்கோ குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். வைஃபை அலைவரிசையில் தகவல் அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியருக்குத் தாவுவதால், மீதமிருப்பதும் இறங்கிவிடுகிறது. மின்னழுத்தம் போதவில்லை என்பதைக் குறிக்கும் பிரவுன்அவுட் என்ற செய்தியோடு பலகை மீண்டும் தொடங்குகிறது. இங்கே எந்த உறுப்பும் பழுதில்லை, தேர்வுதான் பிழை. 200 அல்லது 300 மில்லிவோல்ட் இடைவெளியே போதுமென்றிருக்கும், வைஃபையின் உச்ச மின்னோட்டத்தையும் தாங்கக்கூடிய ரெகுலேட்டரை மாற்றிப் போட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மல்டிமீட்டர் கண்ணுக்குப் படாத வீழ்ச்சிகளும் உண்டு. அது நொடிக்குச் சில முறை மட்டுமே திரையைப் புதுப்பிக்கிறது; நூறு மைக்ரோநொடி நீளும் பள்ளம் அதன் சராசரியில் கரைந்துபோகும். அதற்கு, மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். மின்னழுத்தம் இறங்கும் விளிம்பில், 5 வோல்ட் மின்பாதையானால் 4.6 வோல்ட் அளவில் டிரிக்கரை, அதாவது பதிவைத் தொடங்கிவைக்கும் எல்லையை வைத்து, ஒரே முறை பதிவுசெய்யும் நிலையில் காத்திருந்தால், பள்ளம் விழுந்த கணமே அதன் படம் கிடைத்துவிடும். ஆசிலோஸ்கோப்பின் முனைக்கோலான புரோபின் நீண்ட கிரவுண்டு கம்பி தன் பங்குக்குப் பொய்யான அலைகளைச் சேர்க்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் முனையைப் பயன்படுத்துவது நல்லது.

அந்தச் சிறு பள்ளங்களை நிரப்பவே மின்தேக்கிகள் இருக்கின்றன. தெருக்குழாயில் தண்ணீர் மெல்ல வந்தாலும் மாடித் தொட்டி வீட்டுத் தேவையைச் சமாளிப்பதுபோல், ரெகுலேட்டர் சுதாரிக்கும்வரை அவை மின்னோட்டத்தைத் தருகின்றன. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 0.3 ஆம்பியரை 100 மைக்ரோநொடி தனியாகத் தாங்கினால் அதன் மின்னழுத்தம் 0.3 வோல்ட் குறையும். ஆனால் அச்சிட்ட கொள்ளளவு அப்படியே கிடைப்பதில்லை. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைப் பீங்கான் மின்தேக்கிகள், தங்கள்மீது மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவை இழக்கின்றன. மிகச் சிறிய அளவில் தயாரிக்கப்பட்ட 6.3 வோல்ட் மின்தேக்கி, 5 வோல்ட்டில் வேலை செய்யும்போது பாதிக்கும் குறைவான கொள்ளளவோடு நிற்கக்கூடும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு வேறு நோய்: காலப்போக்கில் உள்ளிருக்கும் திரவம் வற்றுவதால் உள்தடை கூடுகிறது. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கருவி, எதையும் மாற்றாமலே ஒருநாள் தடுமாறத் தொடங்கினால், முதலில் இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஈஎஸ்பி32-இல் பிரவுன்அவுட் காவலையே நிரலில் நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனையை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. செய்தி மறையும், வீழ்ச்சி அப்படியே இருக்கும். போதிய மின்னழுத்தம் இல்லாத நேரத்தில் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படும் தகவல் சிதையவும் கூடும். பழுதைச் சரிசெய்த பிறகு, காவலை இயங்கவிட்டு, மின்கலம் இறங்கிய நிலையில், வைஃபை தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது, சுற்று சூடேறிய பின், அது மின்சாரத்தை வாங்கும் அதே இரண்டு புள்ளிகளில் மறுபடியும் அளக்க வேண்டும்.