துப்பாக்கி பார்சலில் போகும் பொருள் அல்ல

கோவையிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றிய ஒரு குடும்பத்தினர் லாரியில் ஏற்றிய சாமான்களின் பட்டியலில், மெத்தைக்கும் தையல் எந்திரத்துக்கும் இடையே, ‘நீளமான துணிப்பை – 1’ என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பைக்குள் இருந்தது, சில ஆண்டுகளுக்கு முன் காலமான தந்தையின் இரட்டைக் குழல் துப்பாக்கி. பையின் பக்கவாட்டு அறையில், பழைய செய்தித்தாளில் சுற்றிய நிலையில் ஏழு தோட்டாக்களும் இருந்தன. நெடுஞ்சாலையில் நடந்த வாகனத் தணிக்கையில் பை அவிழ்க்கப்பட்டபோது, ஓட்டுநருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. பின்னால் காரில் வந்த மகன் தந்தையின் உரிமப் புத்தகத்தை நீட்டி, “எல்லாம் முறைப்படி வாங்கியதுதான் சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமம் தந்தையோடு முடிந்துபோயிருந்தது என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் எனக்கு இத்தகைய வழக்குகள்தான் மிகுந்த வருத்தம் தருகின்றன. எந்தத் தீய நோக்கமும் இல்லாத ஒருவர், வீட்டில் நெடுங்காலம் கிடந்த பொருள் என்ற பழக்கத்தினாலேயே, குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கிறார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமத்தைத் துப்பாக்கிக்கு வழங்குவதில்லை, ஆளுக்கே வழங்குகிறது. ஆகவே உரிமதாரர், உரிமம், ஆயுதம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும் என்று என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது வழக்கம். சாமான் மாற்றித் தருவோரிடமோ பார்சல் நிறுவனத்திடமோ துப்பாக்கியை ஒப்படைத்தால், உரிமமில்லாத ஒருவரின் கைக்கு அது போகிறது; கட்டணம் செலுத்திய ரசீது அந்தக் குறையைச் சரிசெய்யாது.

இதற்குச் சட்டமே ஒரு குறுகிய விலக்கை வைத்திருக்கிறது. 3-ஆம் பிரிவின்படி, உரிமதாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துமூலமான அதிகாரத்தின் பேரிலோ, உரிமமில்லாத ஒருவர் ஆயுதத்தைக் கொண்டுசெல்லலாம். ஆனால் பழுதுபார்ப்பதற்காகவோ, உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவோ, உரிமதாரரே பயன்படுத்துவதற்காகவோ மட்டும்தான். முதியவர் ஒருவர் தம் மருமகன் கையில் துப்பாக்கியைக் கடைக்கு அனுப்புவதானால், துப்பாக்கியின் எண், செல்லும் இடம், நாள், நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதமும் உரிமத்தின் நகலும் உடன் செல்ல வேண்டும். ‘மாமா சொல்லித்தான் எடுத்துப்போகிறேன்’ என்ற வாய்ச்சொல்லை எழுத்துமூலமான அதிகாரமாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

உரிமதாரர் இறந்துவிட்டால் அந்த விலக்கும் கிடையாது. 21-ஆம் பிரிவு, தேவையற்ற தாமதமின்றி ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெறச் சொல்கிறது. துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வராது என்பதை அறிவேன். காரியம் முடிந்து வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும் நாளிலாவது நினைவுக்கு வர வேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்க 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி செய்திருக்கின்றன. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் 25 ஆண்டுகள் அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். கோவைக் குடும்பத்தினர் இதைச் செய்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

உரிமதாரரே எடுத்துச் செல்லும்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு. உரிமம் எந்தப் பகுதி வரை செல்லும் என்பதை முதலில் பாருங்கள். ஒரு மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்துடன் எல்லையைத் தாண்டக் கூடாது. மேலும், கொண்டுசெல்லும் விதமோ சூழலோ நியாயமான சந்தேகத்துக்கு இடமளித்தால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடியாணையின்றிக் கைதுசெய்து ஆயுதத்தைக் கைப்பற்ற 20-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த அதிகாரம் காவலர்களுக்கு மட்டுமின்றி, ரயில், வாகனம், விமானம் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் உண்டு. சாக்கில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவே சந்தேகத்தை வரவழைக்கும்.

இரட்டைக் குழல் துப்பாக்கியானால், நெம்புகோலைத் தள்ளித் திறந்து, இரு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்த பிறகு, முன்பிடிக் கட்டையைக் கழற்றிக் குழலைப் பின்கட்டையிலிருந்து பிரித்து, முழுவதும் மறைக்கும் உறையில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாக்கள் வேறு பெட்டியில் இருக்கட்டும். அவற்றின் எண்ணிக்கை உரிமப் புத்தகத்தின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும்.

விமானத்தில் கைப்பைக்குள் ஆயுதமோ தோட்டாவோ அறவே கூடாது. பயணப் பதிவு முகப்பில் முன்னதாகவே அறிவித்து, உரிமத்தைக் காட்டி, சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில்தான் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்பாக அடைக்கப்பட்ட தோட்டாக்கள் பயணி ஒருவருக்கு மொத்த எடையில் 5 கிலோவுக்கு மேற்படக் கூடாது, இருவருடைய அளவை ஒரே பெட்டியில் சேர்க்கவும் கூடாது என்பது பன்னாட்டு விமான விதி. விமான நிறுவனம் இதைவிடக் கடுமையான வரம்பும் வைக்கலாம். பயணச்சீட்டு வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்குப் பதிவான நிகழ்வுகள் பல. தம்மிடம் இருப்பதை அறிந்து வைத்திருந்தால்தான் குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியது. அதைக் காட்டி வழக்குகள் ரத்தாவதும் உண்டு. ஆனால் அதுவரை நீதிமன்றத்துக்கு அலைவதும் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பில் சிக்கிக்கொள்வதும் உங்கள் பாடுதான். ஆகவே வேட்டைக்கோ சுடும் பயிற்சிக்கோ ஒருகாலத்தில் கொண்டுபோன பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு அறையையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்.

வெளியூர்க்காரருக்குத் துப்பாக்கியை விற்க எண்ணுபவர், மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே, உரிமம் பெற்றவரிடம் அதைக் கொடுக்க முடியும். உரிமம் பெற்ற வணிகர் வழியாகச் செல்வதையே நான் பரிந்துரைக்கிறேன். வீடு மாறிய உரிமதாரரோ, புதிய ஊரில் சாமான்களை அடுக்கும் முன்பே, பழைய ஊரின் உரிம அலுவலருக்கும் புதிய ஊரின் உரிம அலுவலருக்கும் முகவரி மாற்றத்தைத் தெரிவித்து, இரண்டு கடிதங்களின் நகல்களிலும் பெறப்பட்ட முத்திரையை வாங்கி, உரிமப் புத்தகத்துடனேயே வைத்துக்கொள்ள வேண்டும்.