கார்பைனுக்கு முதலில் என்ன வாங்குவது?

டாலஸுக்கு வடக்கே ஒரு துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. சமீப காலமாக அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் 9 எம்எம் கார்பைன், அதாவது பிஸ்டல் தோட்டாவைச் சுடும் சின்ன ரைஃபிள். தோளில் அணைத்துச் சுடலாம், உதைப்பு குறைவு, தோட்டா விலையும் கட்டுப்படியாகும். ரூகர் பிசி கார்பைன் போன்ற சிலவற்றில் கிளாக் பிஸ்டலின் மேகஸினையே, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியையே, போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நானே இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் "சும்மா நைன் எம்எம்தானே அக்கா" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீரென்கிறது.

அப்படிச் சொன்ன ஒரு தம்பியின் கார்பைனில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட், லைட், முன்பிடி, குழல் முனையில் துள்ளலைக் குறைக்கும் காம்பன்சேட்டர் எல்லாம் இருந்தன. மாட்டியவற்றின் விலை துப்பாக்கியின் விலையைத் தாண்டியிருந்தது. சுட்டு முடித்ததும் காலி செய்யச் சொன்னேன். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை இழுத்தார், ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்தது. அப்புறம் மேகஸினைக் கழற்றினார். "காலி அக்கா" என்று டிரிகரை அழுத்தினார். வெடித்தது. குழல் எதிரே மண்மேட்டைப் பார்த்து இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் கை நடுங்கியது.

நடந்தது இதுதான். போல்ட்டை இழுத்தபோது சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், இருந்த தோட்டா வெளியேறியது உண்மை. மேகஸின் உள்ளேயே இருந்ததால், திரும்பி வந்த போல்ட் அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டது. மேகஸினை முதலில் கழற்ற வேண்டும், போல்ட்டை இழுப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. பிறகு போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு சேம்பரில் செருகி வைக்க ஒரு பிளாஸ்டிக் கொடி கிடைக்கிறது, சில டாலர்தான். அமெரிக்காவின் யூஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு நடத்தும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் 2016ல் கார்பைனுக்குத் தனிப் பிரிவு வந்தது. அங்கே உறையிலிருந்து எடுத்த கார்பைனை இந்தக் கொடி இல்லாமல் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. காம்பன்சேட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தக் கொடியை வாங்குங்கள்.

"சும்மா நைன் எம்எம்" என்பதற்கு வருகிறேன். 115 கிரெய்ன் எடையுள்ள சாதாரண 9 எம்எம் குண்டு பிஸ்டலிலிருந்து நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும். 16 அங்குலக் குழலில் அதே குண்டு சுமார் 400 மீட்டரைத் தொடும். ஊரில் நாம் வளர்ந்த வீடுகளுக்குச் செங்கல் சுவர். இங்கே அறைக்கும் அறைக்கும் நடுவில் மரச்சட்டமும் இரண்டு ஜிப்சம் பலகையும்தான். குறி தவறிய குண்டு பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் போய்விடும். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கியிருந்தால், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலில் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்யுங்கள். லைட் நல்ல துணைக்கருவி, ஆளை அடையாளம் காண உதவும். ஆனால் இருட்டில் சத்தம் கேட்டால் துப்பாக்கி லைட்டால் தேடாதீர்கள். அது விழும் இடத்தையே குழலும் பார்க்கும், அங்கே நிற்பது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் அம்மாவாக இருக்கலாம். தேடுவதற்கு ஒரு கைவிளக்கு தனியாக வேண்டும்.

ரெட் டாட் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஆர்-15 ரைஃபிள் போன்ற வடிவமுள்ள கார்பைனில் அது குழலுக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை அங்குல உயரத்தில் உட்காரும். 25 கஜத்தில் புள்ளி இருக்கும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்து வைத்திருந்தால், 5 கஜத்தில் குண்டு புள்ளிக்குச் சுமார் 2 அங்குலம் கீழே படும். மேசைக்கோ தடுப்புக்கோ பின்னால் இருந்து சுடும்போது கண்ணுக்குத் தெரியும் வழி குழலுக்குத் திறந்திருக்காது. வகுப்பில் எத்தனையோ பேர் மேசை விளிம்பைச் சுட்டிருக்கிறார்கள்.

காதுக்கு, உள்ளரங்கத்தில் காதுக்குள் வைக்கும் செருகியும் காதை மூடும் மஃபும் இரண்டும் போடுங்கள். சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், காம்பன்சேட்டர் அதைப் பக்கத்தில் நிற்பவர் மேல் திருப்பிவிடும். வீட்டுக்குப் போனதும் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். ஈயத்தூள் துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

சட்டம் பற்றி வக்கீலைக் கேளுங்கள், நான் அடிக்கடி காண்பதை மட்டும் சொல்கிறேன். ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அது 1934ம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வரும். பிஸ்டலாக விற்கப்படும் குட்டை வடிவத்தில் தோள்கட்டை மாட்டினாலும் அப்படித்தான். அதற்குக் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது, ஆனால் முன் அனுமதியும் பதிவும் அப்படியே இருக்கின்றன. அவை இல்லாமல் செய்தால் 10 ஆண்டு வரை சிறை. எச்1பி, எச்4, எஃப்1 விசாவில் இருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். நண்பருடையது, சும்மா பிடித்துப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களையும் நாடு கடத்த முடியும்.

கடைசியாகப் பூட்டு. உரிமம் பெற்ற கடைக்காரர் பிஸ்டல் விற்றால் பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. கார்பைன் சட்டப்படி ரைஃபிள், அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெக்ஸஸில் உங்கள் கவனக்குறைவால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைத்தால் வழக்கு உங்கள் மேல்தான். அலமாரி உச்சியும் கட்டிலுக்கு அடியும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடங்கள் அல்ல. இரும்புப் பெட்டி வாங்கும்வரை, பிராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தின் கேபிள் பூட்டு பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மேகஸினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைப் பார்த்துவிட்டு, கேபிளைச் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறும் பக்கவாட்டுத் துளை வழியாக விட்டு மேகஸின் போகும் வாய் வழியாக வெளியே எடுத்துப் பூட்டுங்கள். சாவியைத் துப்பாக்கியோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.