சரோகேட் என்றால் பதிலாள்

சரோகேட் என்றதும் நமக்கு வாடகைத் தாய்தான் நினைவுக்கு வரும். ஐசியு பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. நினைவில்லாமல் கிடக்கிற நோயாளிக்குத் தொண்டையில் ட்யூப் போடலாமா, டயாலிசிஸ் செய்யலாமா, வென்டிலேட்டரை எடுத்துவிடலாமா என்று அவருக்காக முடிவு சொல்கிற மனைவியோ மகனோ அண்ணனோதான் அங்கே சரோகேட். நம் ஆஸ்பத்திரிகளில் இவருக்குத் தனிப்பெயரே கிடையாது, அட்டெண்டர்தான். இட்லி வாங்கி வருகிறவரும் அட்டெண்டர், உயிர் விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் அட்டெண்டர்!

சொல்லின் மூலம் லத்தீன். 'ரொகாரே' என்றால் கேட்பது. பழைய ரோமில் பதவியில் இருப்பவர் இறந்துவிட்டால், அந்த இடத்துக்கு இன்னாரை வைக்கலாமா என்று மக்களைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கான வினைச்சொல்லிலிருந்து வந்தது இது. ஆங்கிலத்தில் முதலில் பிஷப்பின் பிரதிநிதியைக் குறித்தது. நியூயார்க்கில் உயில் விவகாரம் பார்க்கும் நீதிமன்றத்துக்கு இன்றும் சரோகேட் கோர்ட் என்றுதான் பெயர். வாடகைத் தாய் எல்லாம் ரொம்பப் பிந்தி வந்த பொருள்.

மருத்துவத்தில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது கேரன் ஆன் குயின்லன் வழக்கில். 1975இல், 21 வயதில் நினைவிழந்த அந்தப் பெண்ணின் தந்தை வென்டிலேட்டரை எடுக்கச் சொல்ல, மருத்துவர்கள் மறுக்க, 1976இல் நியூஜெர்சி உச்சநீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. (எடுத்த பிறகும் அவர் தானாக மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார்.) அந்த நிலையில் அவளே என்ன முடிவெடுத்திருப்பாள் என்று குடும்பம் யோசித்துச் சொல்லட்டும் என்றது தீர்ப்பு. சரோகேட்டின் வேலை மொத்தமும் இதுதான். நம் வீடுகளிலோ 'அமெரிக்காவிலிருந்து பெரியவன் வரட்டும்', 'நாளைக்கு ஊர் என்ன பேசும்' என்றெல்லாம் பேச்சு ஓடும், படுத்திருப்பவர் என்ன நினைத்திருப்பார் என்பது கடைசியில்தான் வரும், பல சமயம் வராமலே போகும்.

நினைவிழந்து போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் லிவிங் வில். இந்தியாவில் 2018இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதி, நமக்காக முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். எழுதி வைக்காதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்தாக வேண்டும். உறவு என்பதற்காக எப்போதும் கையெழுத்துப் போட்டுவிடவும் முடியாது. மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை அவருடைய அம்மாவிடம் மட்டும் கேட்டு அகற்றியது செல்லாது என்று 2008இல் அதே நீதிமன்றம் சொன்னது. அவசரம் இல்லை, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாமே.

சரி, தமிழில்? காப்பாளர் என்றால் சிறுவர்களுக்கான கார்டியன் ஆகிவிடும். வாரிசு என்றால் சொத்து வாசனை. மாற்று என்பதிலிருந்து மாற்றான் என்று போனால் குறளில் அவன் பகைவன்! கொத்தனார் வேலைக்கு வராத நாளில் அனுப்புகிற 'பதிலாள்' இருக்கிறாரே, அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. 'பதில்' அரபியின் 'பதல்' உருது வழியாக வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். இருக்கட்டும். இன்னொருவர் இடத்தில் நிற்பது, கேட்டதற்கு விடை சொல்வது, இரண்டுமே அதில் இருக்கின்றன. சேர்க்கைப் படிவத்தில் 'அட்டெண்டர் பெயர்' என்ற வரிக்குக் கீழே 'மருத்துவப் பதிலாள்' என்று தனியாக ஒரு வரி போட்டால் இட்லி வாங்குகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் பிரிந்துவிடுவார்கள்.