மிதித்தால் ஒயின் இறங்காது

"சைக்கிள்தானே டாக்டர் மிதிக்கிறோம், வேர்வையிலேயே எல்லாம் போய்விடும்." தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய் ஒயின் ருசி பார்ப்பவர்களிடமிருந்து டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும் பேச்சு இது. சொல்பவர்களில் இப்போது நம் ஆட்களும் நிறைய. டர்பனிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள், ஜோகன்னஸ்பர்க்கில் ஐடி வேலையில் இருப்பவர்கள், அவர்களைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் அப்பா, மாமா, சித்தப்பா. சமீபத்தில் வந்த ஒருவரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வேர்வைக் கதையை முடித்துவிடுவோம்.

குடித்த ஆல்கஹாலை உடம்பிலிருந்து நீக்குவது கல்லீரல். வேர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. கல்லீரலும் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம், அவ்வளவுதான். ஹ்யூகனோ சுரங்கப்பாதை டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருந்தால் பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் வரிசை வேகமாக நகராது இல்லையா, அப்படித்தான். நீங்கள் மலை ஏறினாலும் சரி, மரத்தடியில் படுத்திருந்தாலும் சரி, அதன் வேகம் பெரிதாக மாறாது. வேர்த்து ஊற்றினால் உடம்பில் தண்ணீர்தான் குறைகிறது. கருப்புக் காபி, எலுமிச்சைச் சாறு, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் எதுவும் இதை மாற்றாது. ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ஆல்கஹால் நீர்த்துவிடும் என்பதும் தவறு. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதே தனி ஆபத்து. இங்கே நடக்கும் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானில் ஓடுபவர்களைப் பார்த்து, அப்படிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து இறங்கிவிடும் என்று 1985இலேயே எழுதியவர்கள் இந்த நாட்டு மருத்துவர்கள்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் ருசி பார்க்க உட்கார்ந்தால் பெரும்பாலும் ஐந்து வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 25 மில்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 125 மில்லி. இங்கே வெயில் அதிகம், திராட்சையில் சர்க்கரை நன்றாக ஏறும், அதனால் பல ஒயின்களில் ஆல்கஹால் 14 சதவீதம் வரை இருக்கும். ஆக, ஒரு தோட்டத்துக்குச் சுமார் 14 கிராம். மூன்று தோட்டம் என்றால் 42 கிராம். அது முழுக்க இறங்க நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரை ஆகும். "கொஞ்சம் கொஞ்சம்தான் டாக்டர் ருசி பார்த்தோம்" என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். தொழில்முறையில் ஒயின் ருசிப்பவர்கள் ஒவ்வொரு வாயையும் துப்பிவிடுவார்கள். மேஜையில் அதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் அதைத் தொடுவதே இல்லை. காசு கொடுத்ததைத் துப்புவதா என்று மனசு வராது. புரிகிறது. ஆனால் துப்ப மனசு வராது என்றால் அன்றைக்குச் சைக்கிளைத் தொடாதீர்கள்.

ஏற்றத்தில் யாரும் பெரிதாக அடிபடுவதில்லை. இங்குள்ள ஒயின் ஊரான ஸ்டெல்லன்போஷிலிருந்து ஹெல்ஸ்ஹூக்தெ மலைக் கணவாய்க்கு மூச்சு வாங்க ஏறி வருவார்கள், உச்சியில் நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். மிதிக்காமலே மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டிய இடத்தில் பதறி முன்பிரேக்கை அழுத்துகிறார்கள். பழகிய சைக்கிள்காரர்களுக்கே தென்கிழக்குக் காற்று திடீரென்று பக்கவாட்டில் அடித்தால் கை நடுங்கும். அறுவடைக் காலத்தில் திராட்சை ஏற்றிய டிராக்டர் வளைவில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும், பின்பெட்டியிலிருந்து சாறு ஒழுகித் தார் வழுக்கும். இதையெல்லாம் பார்த்து, முடிவெடுத்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடிகூட இருக்காது. ஒயின் அந்த நொடியைத்தான் தின்கிறது. ரத்தப் பரிசோதனையில் காரோட்டிகளுக்கான வரம்பான 100 மில்லிக்கு 0.05 கிராமைத் தாண்டவில்லை என்று வந்தாலும் விழுந்த மணிக்கட்டு உடைந்துதான் இருக்கிறது.

மணிக்கட்டு பற்றி ஒரு வார்த்தை. கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் குழி விழும் இடத்தில், அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தாலும் பத்து நாள் கழித்து மறுபடி எடுங்கள். அங்கே உள்ள சின்ன எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் அடிக்கடி ஒளிந்துகொள்ளும்.

இப்போது அந்த நோயாளி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைக் கடந்தவர், கோவையிலிருந்து அக்கா மகன் வீட்டுக்கு வந்தவர். காலையில் ஒரு காபி மட்டும். மாப்பிள்ளையோடும் அவர் நண்பர்களோடும் வாடகைச் சைக்கிளில் கணவாய் ஏறி இறங்கி, வழியில் இரண்டு தோட்டங்களில் ருசி பார்த்திருக்கிறார். மூன்றாவதில் பேச்சு குழறியது, சட்டை நனைய வேர்த்தது, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டார். "மாமாவுக்கு ஏறிடுச்சு, தூங்கினா சரியாயிடும்" என்று வேனில் படுக்க வைத்துவிட்டார்கள். எழுப்பினால் எழவில்லை என்றானபோதுதான் எங்களிடம் வந்தார்கள். ரத்தச் சர்க்கரை இங்கே அளக்கும் கணக்கில் 2.1. நம் ஊர்க் கணக்கில் 38. குடிபோதை மாதிரியே இருந்தது, ஒயின் வாசனையும் அடித்தது, ஆனால் அவரை மயக்கத்தில் தள்ளியது சர்க்கரை இறக்கம்.

எல்லாரும் வேர்வையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், இதைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை. கல்லீரல் ஆல்கஹாலை முறிப்பதில் மும்முரமாக இருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையைக் கைவிட்டுவிடும். சேமித்து வைத்ததையோ மலையேற்றம் ஏற்கெனவே காலி செய்திருக்கும். இதோடு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ சேர்ந்தால் போதும். "மெட்ஃபார்மின்தான் டாக்டர் சாப்பிடறார்" என்றார் மாப்பிள்ளை. அட்டையை வாங்கிப் பார்த்தால் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, சர்க்கரையை இப்படி இறக்கும் இந்த மூன்று பெயர்களில் ஒன்று உங்கள் அட்டையில் இருக்கிறதா என்று தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால், குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழித்த பிறகும் சர்க்கரை மறுபடி விழலாம். அதனால்தான் "எழுந்துட்டாரே, கூட்டிக்கிட்டுப் போகிறோம்" என்று கேட்டாலும் நாங்கள் விடுவதில்லை. அவரை இரவு முழுக்க வைத்திருந்து மறுபடி மறுபடி சர்க்கரை பார்த்தோம். நல்லபடியாக வீடு திரும்பினார். வேனிலேயே தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு, நடுக்கம் ஆகிய முன்னறிகுறிகள்கூடச் சரியாகத் தெரியாது. சர்க்கரை இறக்கம் அன்று மாலையோடு முடிவதும் இல்லை. இரவு தூக்கத்தில் வரலாம்.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. இந்தச் சாலைகளை நானும் நேசிக்கிறேன். ஒயினைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். ஸ்டெல்லன்போஷிலிருந்து ஃபிரான்ஸ்ஹூக் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் நிற்க இடமா இல்லை? இறக்கத்தில் ப்னீல் வரும், விடுதலையான அடிமைகளுக்காக 1843இல் உருவான கிராமம். தேவாலயத்தின் அருகில் நிறுத்தி ஏதாவது சாப்பிடுங்கள். ஃபிரான்ஸ்ஹூக் முனையில் ஹ்யூகனோ நினைவுச்சின்னம், 1688இல் பிரான்சிலிருந்து மதத்துக்காக ஓடிவந்தவர்கள் நினைவாக எழுப்பிய மூன்று வளைவுகள். அங்கேயே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ருசி பாருங்கள். திரும்பும்போது வேனை ஓட்ட ஒருவர் குடிக்காமல் இருக்கட்டும். பார்ல் வழியாகப் போனால் மண்டேலா 1990 பிப்ரவரி 11 அன்று நடந்து வெளியே வந்த சிறை வாசலையும் கையுயர்த்தி நிற்கும் அவர் சிலையையும் பார்க்கலாம். அவசரமில்லாமல் இறங்கி நின்று பாருங்கள்.

காலையில் சாப்பிடாமல் ஏறாதீர்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் மீட்டரைப் பையில் வையுங்கள், ஹோட்டல் அறையில் அல்ல. கிளம்பும் முன், இறக்கத்துக்கு முன், படுக்கும் முன் பாருங்கள். 4க்குக் கீழே, அதாவது 70க்குக் கீழே, வந்தால் 150 மில்லி பழச்சாறு அல்லது நாலு டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம், வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்து வைப்பது ஹெல்மெட் போட்டதாகாது. ஒற்றை வரிசையில் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், நேராக மருத்துவமனை.

கூட வந்தவர் குழறினால், தள்ளாடினால், எழுப்பி எழவில்லை என்றால் போதை என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 கூப்பிடுங்கள். கணவாய்களில் சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, ஒருவர் கொஞ்ச தூரம் இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கும். சாலை எண்ணையும் கடைசியாகக் கடந்த தோட்டத்தின் பெயரையும் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அது போதும். மாத்திரை அட்டையையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.