தவணைப் பொருளைப் பறிக்கத் தடை போட்ட எல்லன் வில்கின்சன்

"இன்னும் நாலு டியூதான் சார் பாக்கி, அதுக்குள்ள வண்டிய சீஸ் பண்ணிட்டாங்க." பைனான்ஸ் வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்பதால் இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் கையில் பல நேரம் ஒப்பந்த நகல்கூட இருக்காது.

1930-களின் பிரிட்டனிலும் இதே கதைதான். மேஜை, நாற்காலி, ரேடியோ, தையல் மிஷின் எல்லாம் தவணையில் வீட்டுக்கு வரும். கடைசித் தவணை கட்டும்வரை அவை கம்பெனியின் சொத்து, வாங்கியவர் வாடகைக்கு வைத்திருப்பவர் மட்டுமே என்பது சட்டம். அதனால், வேலை போய் ஒரு தவணை தவறினால் போதும், முக்கால்வாசிப் பணம் கட்டிய பொருளையும் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவர் தலையில் கட்டலாம், கட்டிய பணமும் திரும்பாது. சில கம்பெனிகள் இதையே தொழிலாக வைத்திருந்தன.

இதில் கைவைத்தவர் வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஜாரோ தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. எல்லன் வில்கின்சன். கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு ஊரே வேலையில்லாமல் கிடந்தபோது, 1936 அக்டோபரில் சுமார் 200 பேர் அங்கிருந்து லண்டனுக்கு நடந்தார்களே, அந்தப் பேரணியில் அவரும் நடந்தார். வரலாறு நினைவில் வைத்திருப்பது அந்த நடையைத்தான். ஆனால் அதனால் ஊருக்கு உடனே வேலை வந்துவிடவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1938-ன் தவணை வாங்குதல் சட்டம். எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு தனிநபர் மசோதா (அரசு கொண்டுவராமல் ஒரு எம்.பி. தானே கொண்டுவருவது) போட்டு, மற்ற கட்சிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அதை நிறைவேற்றினார், லேசான காரியமா அது?

அந்தச் சட்டப்படி, விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமல் பொருளைப் பிடுங்க முடியாது. மீறிப் பிடுங்கினால் ஒப்பந்தமே முடிந்தது, அதுவரை கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். வீடு புகுந்து எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. ரொக்க விலை எவ்வளவு என்பதை எழுத்தில் காட்டியாக வேண்டும். குறை இல்லாமல் இல்லை: பொதுவாக 100 பவுண்டுவரை விலையுள்ள பொருளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, மோட்டார் வண்டிக்கோ வெறும் 50.

நம் நாட்டிலும் இதே பாணியில், குறிப்பிட்ட பங்கு கட்டியபின் கோர்ட் வழியாகத்தான் எடுக்கலாம் என்று 1972-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. நிறைவேறியதோடு சரி. கடைசிவரை அமலுக்கே வராமல் 2005-ல் ரத்தாகிவிட்டது.

அதனால் இன்று உங்கள் கையில் இருப்பது ரிசர்வ் வங்கி விதிகளும் ஒப்பந்தமும்தான். பைனான்ஸ் கம்பெனி உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்பந்த நகல் தர வேண்டும். வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அடியாள் வைத்து மிரட்டிப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படி நடந்தால் போலீசில் புகார் கொடுங்கள், கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் கம்பெனி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.