ஸ்டோன்வால் என்ன லாட்ஜா?

ஜூன் மாசம் வந்தா போதும், 1969ல போலீஸ் ரெய்டை எதிர்த்து தன்பால் ஈர்ப்புள்ளவங்க கலகம் பண்ண நியூயார்க் பார் 'ஸ்டோன்வால் இன்'னை தமிழ்ல "ஸ்டோன்வால் விடுதி"ன்னு எழுத ஆரம்பிச்சிடுறாங்க. இந்த வருஷமும் நாலு இடத்துல பாத்தாச்சு. அங்க யாரும் தங்கல சாமி.

இன்-னா பழைய இங்கிலீஷ்ல வழிப்போக்கன் தங்கி, சாப்பிட்டு, குடிச்சிட்டு போற இடம். விடுதியும் 'விடு'லேர்ந்து வந்தது, தங்குற இடம். அகராதியில ஜோடி பொருந்துது, அதோட நம்ம மொழிபெயர்ப்பாளர் எழுந்து டீ குடிக்க போயிட்டாரு. ஆனா நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ், கிறிஸ்டோபர் தெருவுல அந்த 'இன்' வெறும் வால்தான், முன்னாடி அங்க நடந்த ரெஸ்டாரண்ட் பேரோட ஒட்டிக்கிட்டு வந்தது, 1967ல மாஃபியா ஆளுங்க அதை கே பாரா, அதாவது ஆம்பளைங்களை விரும்புற ஆம்பளைங்க கூடுற பாரா மாத்துனப்பவும் பேரை அப்படியே விட்டுட்டாங்க.

வெறும் பேருதானேன்னா, இல்ல. "விடுதியில் போலீஸ் சோதனை, பலர் கைது"ன்னு தமிழ் பேப்பர்ல படிச்சா உங்களுக்கு என்ன தோணும்? விபச்சார கேஸ்தானே? 1969 ஜூன் 28 அதிகாலை நடந்த ரெய்டையும் நம்மாளு அப்படித்தான் படிப்பான். அங்க வந்தவங்க வந்தது குடிக்க, முக்கியமா ஆட. ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஆட ஊர்ல இடம் இல்லாத காலம், போலீஸ் வருதுன்னா வெள்ளை லைட்டை போடுவாங்க, உடனே பிரிஞ்சு நின்னுக்கணும். லிக்கர் லைசென்ஸும் கிடையாது, மெம்பர் கிளப்புன்னு கணக்கு காட்ட வாசல்லயே நோட்டுல பேர் எழுத வைப்பாங்க, பாதி பேர் எழுதுனது பொய்ப் பேரு. அதே ஏரியாவுல ஜூலியஸ்னு இன்னொரு பார், 1966ல சில பேர் போய் "நாங்க கே, ஊத்துங்க"ன்னு கேட்டதும் பார்காரர் கிளாஸ் மேல கையை வச்சு மூடிட்டாரு. சண்டையே குடிக்கிற உரிமைக்கு, இதுல விடுதி எங்கேந்து வந்துச்சு?

"கேளிக்கை விடுதி"ன்னு ஒண்ணு இருக்கே, அது இன்னும் மோசம், கேட்டாலே கமிஷனர் பிரஸ் மீட் ஞாபகம் வருது. மதுக்கூடம் பரவால்ல. என்னைக் கேட்டா பார்னே எழுதுங்க, டாஸ்மாக் பார்னா பாட்டிக்கும் புரியும். தனித்தமிழ்காரங்க கோச்சுப்பாங்க, கோச்சுக்கட்டும்.

அந்த 'விடுதி'ங்கற சொல்லுக்கு முன்னாடி "ஓரினச்சேர்க்கையாளர்"னு வேற சேத்துக்குறாங்க. இனமும் தப்பு, சேர்க்கையும் தப்பு. ஆளையே படுக்கையில போட்டு பேசுற சொல் அது, கூட விடுதியும் சேந்தா கேக்கவே வேணாம். தன்பாலீர்ப்பாளர்னு நல்ல சொல் இருக்கு, 2022ல தமிழ்நாடு அரசே இந்த விஷயத்துக்குன்னு சொற்பட்டியல் போட்டாச்சு, அதை ஒரு தடவை திறந்து பாக்கத்தான் யாருக்கும் நேரமில்ல.